சண்டர்லேண்ட் தொடரை அந்த ஊர் ரசிகர்கள் ஏன் நம்மைப் போலப் பார்ப்பதில்லை?

நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'சண்டர்லேண்ட் டில் ஐ டை' தொடரைப் பார்த்து நெகிழ்ந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அதே தொடரைப் பற்றி அந்தக் கால்பந்து கிளப்பின் சொந்த ரசிகர்கள் பலர் கசப்பாகப் பேசுவது உங்களைக் குழப்பியிருக்கிறது. இவ்வளவு அன்போடு தங்களைக் காட்டிய படத்தை ஏன் திட்டுகிறார்கள், காட்சிகள் ஜோடிக்கப்பட்டவையா என்று கேட்கிறீர்கள். ஒரே படம் வெளியாளுக்கு ஒன்றாகவும் உள்ளூர்க்காரருக்கு வேறொன்றாகவும் எப்படி ஆகிறது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆவணப்பட எடிட்டிங் என் தொழில். விளையாட்டுக் குழுக்களோடு மாதக்கணக்கில் சுற்றி எடுத்துவந்த ஃபுட்டேஜை வெட்டிக் கோத்த அனுபவம் உண்டு. ஆனால் இந்தத் தொடரில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. திரையில் தெரிவதையும் பொதுவில் பதிவானதையும் வைத்தே சொல்கிறேன். என் ஊகம் எங்கே வருகிறதோ அங்கே ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ரசிகர்கள் தொடரை வெறுக்கிறார்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல முடியாது. மூன்று சீசன்கள் வந்திருக்கின்றன, மூன்றுக்கும் வரவேற்பு வேறு வேறு. 2018 டிசம்பரில் வந்த முதல் சீசனைப் பெரும்பாலோர் வலியோடுதான் பார்த்தார்கள், ஆனால் அதைத் தங்கள் படமாகவே ஏற்றுக்கொண்டார்கள். பார்க்கவே மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் படத்தின் மேல் கோபம் இல்லை, அந்த வருடத்தை இன்னொரு முறை அனுபவிக்கத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். 2020 ஏப்ரலில் வந்த இரண்டாவது சீசனில்தான் கோபம் வெடித்தது. 2024 பிப்ரவரியில் வந்த மூன்றாவது சீசன் மூன்றே பகுதிகள், அதை நிம்மதியாகப் பார்த்தார்கள். நீங்கள் படித்த கசப்பில் பெரும்பகுதி இரண்டாவது சீசனைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் மற்றது புரியும். வடகிழக்கு இங்கிலாந்தில், வியர் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது சண்டர்லேண்ட். கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரியும் வளர்த்த ஊர். கப்பல் தளங்களின் கதை 1988-இல் முடிந்தது. மங்க்வியர்மவுத் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த அதே மண்ணில் 1997-இல் ஸ்டேடியம் ஆஃப் லைட் எழுந்தது. ஏறக்குறைய 49,000 பேர் உட்காரலாம். வெளியே சுரங்கத் தொழிலாளர் கையில் இருந்த விளக்கின் பெரிய உருவம் ஒன்று நிற்கிறது. அப்பனும் தாத்தாவும் வேலை பார்த்த இடத்தின் மேலேயே உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்கள் இவர்கள். தொடரின் ஆரம்பத்தில் தேவாலயத்தில் கிளப்புக்காக ஜெபம் நடக்கிறதே, அதைப் பார்த்து நாம் வியக்கிறோம். அவர்களுக்கு அது புதிதாகத் தோன்றியிருக்காது.

படம் எடுத்தவர்களும் அந்நியர்கள் இல்லை. தயாரிப்பு நிறுவனமான ஃபுல்வெல் 73-இன் பெயரிலேயே கிளப் இருக்கிறது. ஃபுல்வெல் என்பது பழைய ரோக்கர் பார்க் மைதானத்தில் ரசிகர்கள் நின்ற ஒரு பக்கம். 73 என்பது இரண்டாம் டிவிஷனில் இருந்த சண்டர்லேண்ட் லீட்ஸை 1-0 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வென்ற வருடம். பத்து வருடம் முதல் நிலையான பிரீமியர் லீக்கில் இருந்துவிட்டு 2017-இல் கீழே இறங்கிய அணி ஒரே வருடத்தில் திரும்ப மேலே ஏறும் என்ற எதிர்பார்ப்போடு கேமரா உள்ளே போனது. நடந்ததோ நேர்மாறு. இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகளில் 24-ஆவது இடம், அடுத்த வருடம் மூன்றாம் நிலையான லீக் ஒன்.

ஆக, நீங்களும் நானும் அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்போடு பார்த்தோம். சண்டர்லேண்ட் ரசிகருக்கு அந்தப் பதைப்பு கிடையாது, முடிவு அவருக்குத் தெரியும். முடிவு தெரிந்தவர் கதையைப் பார்ப்பதில்லை, காரணத்தைத் தேடுகிறார். நம் வீட்டுக் கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருக்காரர் பார்த்தால் மேடையும் அலங்காரமும் தெரியும். வீட்டு ஆட்கள் பார்க்கும்போது பெரியப்பா முகம் ஏன் சுண்டிப்போயிருக்கிறது, சின்ன மாமா ஏன் ஒரு ஷாட்டிலும் இல்லை என்றுதான் கண் போகும். ரசிகர் இந்தத் தொடரைப் பார்த்ததும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு ஒரு இடம். 2017 டிசம்பர் 16 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிராக ஜாஷ் மஜா அடித்த ஒரே கோலில் சண்டர்லேண்ட் சொந்த மைதானத்தில் ஜெயித்தது. நமக்கு அது ஒரு வெற்றி. அதற்கு முந்தைய உள்ளூர் வெற்றி 2016 டிசம்பர் 17. நடுவில் ஒரு வருடம், ஒரே ஒரு நாள்தான் குறைவு. சீசன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குளிரில் வந்து, ஒரு வருடமாக உள்ளூரில் ஒரு லீக் வெற்றியைக்கூடப் பார்க்காதவர்கள் அன்று அரங்கில் இருந்தார்கள். இறுதி விசில் ஊதியதும் அந்த முகங்களில் தெரிவது ஆனந்தத்தைவிட விடுதலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு வருடத்தின் கனத்தைச் சில நிமிடத்தில் கொண்டுவர எந்த எடிட்டராலும் முடியாது. அதைச் சுமந்தவருக்கோ ஒரு ஷாட்டே போதும்.

சரி, ரசிகர்கள் காரணத்தைத் தேடினார்கள் என்றேன். என்ன கிடைத்தது? கிளப்பின் அமெரிக்க உரிமையாளர் எல்லிஸ் ஷார்ட் திரையில் அநேகமாக வருவதே இல்லை. பணம் போடுவதை நிறுத்திவிட்டு விற்றுவிட்டுப் போகக் காத்திருப்பவரின் நிழல்தான் எங்கும் விழுகிறது. தலைமை நிர்வாகி மார்ட்டின் பெய்ன் தன் அறையில் உட்கார்ந்து இல்லாத பணத்தை வைத்து ஆள் பிடிக்கப் பார்க்கிறார். அணிக்கு அதிக கோல் அடித்துக்கொண்டிருந்த லூயிஸ் கிராபன் கடனாக வந்தவர். ஜனவரியில் தன் சொந்த அணியான போர்ன்மவுத்துக்குத் திரும்பிவிடுகிறார். ஆட்டக்காரர் ஜாக் ராட்வெல்லின் ஒப்பந்தத்தில் அணி இறங்கினால் சம்பளம் குறையும் என்ற நிபந்தனையே இல்லை. வாரம் 70,000 பவுண்டு என்பது அன்றைய செய்தித்தாள்கள் சொன்ன தொகை. ஒரு பக்கம் இந்தக் கணக்கு, இன்னொரு பக்கம் வேலை போய்விடுமோ என்று பயப்படும் ஊழியர்கள். ரசிகர்கள் பல வருடமாகச் சந்தேகப்பட்டது எல்லாம் கண்ணெதிரே வந்தது. அவர்களுக்கு இந்தத் தொடர் ஒரு சாட்சி வாக்குமூலம். சாட்சி நன்றாகப் பேசினால் கோபம் சாட்சி மேல் வராது, அவர் காட்டிக்கொடுத்தவர் மேல்தான் வரும். முதல் சீசனுக்குப் பின் வந்த ஆத்திரத்தில் பெரும்பங்கு இந்த வகை. வெளியிலிருந்து படிப்பவருக்கு அது படத்தைத் திட்டுவதுபோலத் தெரியும்.

படத்தின் மேலேயே வைக்கப்பட்ட குறைகளும் உண்டு, அவற்றில் நியாயம் இருக்கிறது. முதலாவது, ஆட்டக்காரர்கள் எங்கே என்ற கேள்வி. மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம், ஆர்செனல் கிளப்களைப் பற்றிய இதேபோன்ற தொடர்களில் இடைவேளையில் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், கத்துவதுவரை கேமரா உள்ளேயே இருக்கும். சண்டர்லேண்ட் முதல் சீசனில் உடைமாற்றும் அறை பெரும்பாலும் பூட்டியே இருக்கிறது. என் தொழிலில் எழுதாத விதி ஒன்று உண்டு: கதவைத் திறந்தவரே கதாநாயகர். மனம்விட்டுப் பேசாதவரை வைத்துக் காட்சி அமைக்கவே முடியாது. அதனால் கேமராவை அன்போடு ஏற்றுக்கொண்ட கிளப் சமையல்காரர், டாக்ஸி ஓட்டும் ரசிகர், டிக்கெட் கவுன்ட்டர் ஊழியர்கள் ஆகியோர் படத்தின் மையத்துக்கு வந்தார்கள். படத்துக்கு அது நல்லதாகவே முடிந்தது என்பேன், நாம் அழுதது அவர்களால்தான். ஆனால் அணி ஏன் தோற்றது என்று கேட்கும் ரசிகருக்கு அந்தப் பதில் களத்தில் இருக்கிறது. கோல்கீப்பர்கள் மாறி மாறிச் சொதப்பியது ஏன், முன்னிலையில் இருந்த ஆட்டங்கள் கைநழுவியது ஏன் என்பதைத் தொடர் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. காயத்தால் ஒதுங்கிக் கிடந்த ஜானி வில்லியம்ஸ் மனநல ஆலோசகரிடம் பேசும் காட்சி விதிவிலக்கு. ஓர் ஆட்டக்காரர் கதவைத் திறந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதற்கு அந்தச் சில நிமிடங்களே போதும்.

ஜோடிப்பா என்று கேட்டீர்கள். நடக்காததை நடித்துக் காட்டியதாக எண்ண எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. பொல்டனோடு 3-3 என்று முடிந்த 2017 அக்டோபர் 31 இரவில், ஆட்டம் முடிந்த சற்று நேரத்திலேயே மேனேஜர் சைமன் கிரேசன் நீக்கப்பட்டதை யாராலும் ஜோடிக்க முடியாது. ஆனால் எடிட் மேசையில் எந்த விளையாட்டுப் படத்துக்கும் சில வேலைகள் நடக்கும். அரங்கில் நம் கேமரா நாலைந்து ரசிகர்கள் மேல்தான் இருக்கும். கோல் விழுந்த நொடியில் அவர் முகம் ஃபிரேமில் இல்லாமல் போகலாம், ஃபோகஸ் தப்பியிருக்கலாம். அப்போது அதே ஆட்டத்தின் வேறு நிமிடத்திலிருந்து ஒரு முகத்தை எடுத்து ஒட்டுவது தொழிலில் சாதாரணம். சீசன் முடிந்தபின் எடுத்த பேட்டியை நடுவில் நடப்பதுபோல வைப்பார்கள். பேசுபவரையும் நிகழ்காலத்தில் பேசச் சொல்வார்கள். தொலைபேசிப் பேச்சில் இந்த முனைக் குரல் மட்டும் வரும், அந்த முனையில் என்ன சொன்னார்கள் என்பதை நாமே நிரப்பிக்கொள்வோம். இந்தத் தொடரின் இன்ன ஷாட் அப்படி ஒட்டியது என்று நான் சுட்டிக்காட்ட மாட்டேன், அது வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். சாதாரணப் பார்வையாளருக்கு இது எதுவும் உறுத்தாது. ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் போன ரசிகருக்கு எந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் வெயில், யார் கையுறை போட்டிருந்தார், எந்த கோல்கீப்பர் நின்றார் என்பதெல்லாம் மனப்பாடம். ஒரு ஷாட் இடம் மாறியிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஒன்று பிடிபட்டால் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும். இந்த ஒரு விஷயத்தில் என் அனுதாபம் ரசிகர் பக்கம்தான்.

இப்போது இரண்டாவது சீசன். 2018-19 பருவம், லீக் ஒன். ஸ்டூவர்ட் டொனால்ட் கிளப்பை வாங்கியிருக்கிறார், அவரோடு நிர்வாக இயக்குநராக சார்லி மெத்வென். ஆரம்பத்தில் ஊரே அவர்களைக் கொண்டாடியது. வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிப்போன அரங்க நாற்காலிகளை மாற்ற ரசிகர்கள் தாங்களே வந்து கைகொடுத்தார்கள். அந்த வருட டிசம்பர் 26 அன்று பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். லீக் ஒன்னில் அதுவரை இல்லாத கூட்டம். கேமரா அந்தத் தேனிலவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தொடர் வெளியானது 2020 ஏப்ரலில். அதற்குள் நிலைமை தலைகீழ். 2019 மார்ச்சில் லண்டனின் வெம்ப்ளி அரங்கில் ஒரு கோப்பை இறுதியில் போர்ட்ஸ்மவுத்திடம் பெனால்டியில் தோல்வி. மே மாதம் அதே வெம்ப்ளியில், மேலே ஏறும் அணியைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் இறுதியில், 90 நிமிடம் முடிந்து சேர்த்த காயநேரத்தில் பேட்ரிக் பாவர் அடித்த கோலால் சார்ல்டனிடம் 2-1 தோல்வி. பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய அணிகளுக்கு ஈட்டுத்தொகையாக வரும் பாராசூட் பணத்திலிருந்து ஏறக்குறைய 2 கோடி பவுண்டு, கிளப்பை வாங்கிய விலைக்கே பயன்படுத்தப்பட்டது என்ற செய்தி ரசிகர்களைக் கொதிக்கவைத்தது. 2019 டிசம்பரில் ரசிகர் அமைப்புகள் டொனால்டிடம் கிளப்பை விற்றுவிடும்படி கேட்டன. மெத்வென் பதவி விலகினார். இவ்வளவும் நடந்து முடிந்தபின், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில், அந்தப் பழைய தேனிலவு திரைக்கு வருகிறது. எப்படி இருந்திருக்கும் யோசியுங்கள்.

இந்தச் சீசனில் எல்லோரும் பேசியது ஆட்டக்காரர்களை வாங்கும் கெடு முடியும் ஜனவரி கடைசி நாளில் வில் கிரிக் என்ற ஆட்டக்காரரை வாங்கிய காட்சி. மஜா பிரான்சின் போர்டோ அணிக்குப் போய்விட்டார், கோல் அடிக்க ஆள் வேண்டும், கடிகாரம் ஓடுகிறது. டொனால்ட் தொலைபேசியில் விலையை ஏற்றிக்கொண்டே போகிறார், கடைசியில் ஏறக்குறைய 30 லட்சம் பவுண்டு. லீக் ஒன் அணிக்கு அது மிகப் பெரிய தொகை. நமக்கு அந்தக் காட்சி திகில் படம்போல ஓடுகிறது. ரசிகருக்கு அதன் பின்கதை தெரியும்: கிரிக் அங்கே எதிர்பார்த்த அளவுக்கு கோல் அடிக்கவே இல்லை. முடிவு தெரிந்து பார்க்கும்போது ஒவ்வொரு தொகையும் தன் பையிலிருந்து எடுப்பதுபோல ரசிகருக்கு இருக்கும். அப்புறம் மெத்வென் ஆட்டத்துக்கு முன் ஒலிக்கும் இசையை மாற்றச் சொல்லும் காட்சி. இரவு விடுதி பாணித் துள்ளல் இசையால் அரங்கைச் சூடாக்கலாம் என்கிறார். வெளியாட்கள் சிரித்தார்கள். ரசிகர்களில் பலருக்கு அது சிரிப்பாக இல்லை, தங்களை வெளியிலிருந்து ஒருவர் திருத்த வந்ததுபோல இருந்தது. அந்தக் கோபத்தில் தப்பு சொல்ல முடியாது. அதே நேரம், பாராசூட் பணக் கணக்கு தொடரின் மையத்தில் இல்லை. படம் பிடிக்கும்போது இணக்கமாக இருந்த நிர்வாகத்தின் மேல் கடினமான கேள்வி வைப்பது எடுப்பவர்களுக்கு எளிதல்ல என்பது என் ஊகம். ஆனாலும் ரசிகர்கள் தேடிய காரணம் இந்த முறை திரைக்கு வெளியே இருந்துவிட்டது. இரண்டாவது சீசன்மேல் வந்த கோபத்தில் மிகச் சரியானது இது என்று நினைக்கிறேன்.

இன்னொரு குறையும் கேட்டிருப்பீர்கள்: ஊரைச் சோகமாகவே காட்டிவிட்டார்கள் என்பது. சாம்பல் வானம், மூடிய தொழிற்சாலை, மெதுவான பாட்டு. சண்டர்லேண்டில் நிசான் கார் தொழிற்சாலை 1986-லிருந்து ஓடுகிறது, கடற்கரை இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. அழுகை மட்டும்தான் ஊரா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவர்களுக்கு இது முதல் அனுபவமும் அல்ல. 1996-97 பருவத்தில் பீட்டர் ரீட் மேனேஜராக இருந்தபோது பிபிசி அணியோடு சுற்றிப் படம் எடுத்தது, 1998-இல் ஒளிபரப்பானது. அந்த வருடமும் அணி 40 புள்ளிகள் எடுத்தும் கீழே இறங்கியது. உள்ளே கேமரா வந்த முதல் இரண்டு வருடமும் வீழ்ச்சி. வயதான ரசிகர்களுக்குக் கேமராவைக் கண்டால் ஒரு தயக்கம் இருப்பது இயல்புதான்.

மற்ற கிளப்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். டாட்டன்ஹாம் தொடரில் 2019 நவம்பரில் மேனேஜர் பொச்செட்டினோ நீக்கப்படும் பகுதி சட்டென்று கடந்துபோய் புது மேனேஜர் மொரின்ஹோ வந்துவிடுகிறார். பொச்செட்டினோவை நேசித்த ரசிகர்களுக்கு அது உறுத்தியது. ஆர்செனல் தொடரில் லிவர்பூல் போகுமுன் பயிற்சி மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து லிவர்பூல் ரசிகர்களின் பாட்டை மேனேஜர் ஆர்டெட்டா ஒலிக்கவிடுகிறார். ஆட்டம் 4-0 தோல்வி. எதிரணி ரசிகர்கள் அதை வைத்தே கேலி செய்தார்கள். பெரிய கிளப் ரசிகர்களின் கவலை பெரும்பாலும் மானம் போகிறதே என்பதில் நின்றுவிடுகிறது. வேல்ஸ் நாட்டுக் கிளப்பான ரெக்ஸம் பற்றிய தொடரிலோ கிளப்பின் உரிமையாளர்களான நடிகர்களே நிர்வாகத் தயாரிப்பாளர்கள். அங்கே உரிமையாளரைத் தட்டிக்கேட்கும் படத்தை எதிர்பார்ப்பதே பொருந்தாது. சண்டர்லேண்ட் ரசிகர்கள் கேட்டது இவை இரண்டையும்விட அதிகம். கிளப்பை யார் கெடுத்தார்கள் என்ற பதிலைக் கேட்டார்கள்.

மூன்றாவது சீசனை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் பாருங்கள். நான்கு வருடம் லீக் ஒன்னில் கிடந்த அணி 2022 மே 21 அன்று வெம்ப்ளியில் விக்கம்பை 2-0 என்று வென்று மேலே ஏறுவதுதான் அதன் உச்சம். எம்பிள்டனும் ராஸ் ஸ்டூவர்ட்டும் கோல் அடித்தார்கள். 2025 மே மாதம் அதே வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்று, எட்டு வருடம் கழித்து பிரீமியர் லீக்குக்கும் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது சீசனை இன்னொரு முறை ஓட்டுங்கள். கிரிக் பேரம் வரும்போது டொனால்டின் தொலைபேசியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் என்ன சொல்கிறார்கள், எப்போது பேசாமல் போகிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். சண்டர்லேண்ட் ரசிகர் பார்த்த படம் உங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.